வகுப்பறையிலும் வாழ்ந்த இசைக்கலைஞர்

ஆசிரியர் அவர்களுக்கு,

இசையமைப்பாளர் சேசர் ஃபிராங்க் குறித்து தங்கள் இதழில் வந்த கட்டுரை அவரது சிம்பொனியோடு நின்றுவிட்டது குறையே. 1822இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகரில் பிறந்த அவர், 1858 முதல் 1890இல் மறையும்வரை பாரிஸின் செயின்ட் குளோத்தில்த் தேவாலயத்தில் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி இசைக்கும் பெரிய விசைப்பலகைக் கருவி) கலைஞராகப் பணியாற்றினார். 1872இல் பாரிஸ் கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரியில் ஆர்கன் பேராசிரியரானபின் அவர் நடத்திய வகுப்பு, பெயருக்கு ஆர்கன் வகுப்பாக இருந்தாலும், வின்சென்ட் தாந்தி போன்ற மாணவர்களுக்கு இசையமைப்பின் நுட்பங்களையும் கற்பித்த இடமாக விளங்கியது; இசையமைப்புப் பேராசிரியர்கள் அதை ரசிக்கவில்லை என்பது வேறு கதை. பாடம் நடத்தியே பகற்பொழுதைக் கழித்தவர், விடியற்காலையில் கிடைத்த ஓரிரு மணி நேரத்தில்தான் தம் படைப்புகளை எழுதினார். வயலின் கலைஞர் யூஜின் இசாயிக்குத் திருமணப் பரிசாக 1886இல் அளித்த, வயலினும் பியானோவும் சேர்ந்து இசைக்கும் சொனாட்டா என்னும் படைப்பும் அவர் அறுபது வயதைக் கடந்தபின் பிறந்ததே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்