நூலக அட்டை: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சொத்து வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் சொத்து வரி என்றால் நூலகத்துக்கு நூறு ரூபாய். வாடகைக்கு இருப்பவர்களும் வாடகையோடு இதைக் கட்டுபவர்கள்தாம். கட்டியும் பிள்ளைக்கு உறுப்பினர் அட்டை இல்லையென்றால் நஷ்டம் நமக்கு.

இந்த வரிக்கு அடிப்படை, சென்னை மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம். விடுதலைக்குப் பின் நாட்டில் வந்த முதல் நூலகச் சட்டம் அது. அதற்காக உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து நூலகரானவர். சட்டம் வருவதற்கு முன்பே, 1931-இல், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் போனது. இன்று மாவட்ட மைய நூலகத்தின் கீழ் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று இருக்கின்றன.

உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டாம், அட்டையும் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துவரத்தான் உறுப்பினராக வேண்டும். படிவம், புகைப்படம், முகவரிச் சான்றின் நகல், சிறிய காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். மாணவர் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து விடுபடுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. காப்புத்தொகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் விலகும்போது அது தேவைப்படும்.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். குழந்தைகள் பகுதி, நாளிதழ் மேசை, போட்டித்தேர்வு நூல்கள் எங்கே என்று பார்த்துவிடுங்கள். கணினி வசதியும் வாசகர் வட்டமும் உண்டா என்று நூலகரிடமே கேட்கலாம். பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களைப் பிரிக்கும் டியூயி முறையில் அடுக்கியிருந்தால் 500 என்ற எண்ணில் அறிவியலும் 900-இல் வரலாறும் இருக்கும். தமிழ் இலக்கியம் 894.811. எடுத்துப் பார்த்த புத்தகத்தைப் பிள்ளைகள் தோன்றிய இடத்தில் செருகிவிடுகிறார்கள். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான், பட்டியலில் இருந்தும் கைக்குக் கிடைக்காது. மேசையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் பசை பழுப்பேறி எழுத்தையும் கெடுக்கும். கிழிசலை அப்படியே நூலகரிடம் காட்டினால் போதும். புத்தகம் மழையில் நனைந்தால் வெயிலில் காயவைக்க வேண்டாம், மேலட்டை வளைந்துவிடும். சில பக்கங்களுக்கு ஒன்றாக உறிஞ்சு தாள் வைத்து, ஈரமானதும் மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். தவணைத் தேதி கடந்துவிட்டால் தண்டத்துக்குப் பயந்து நூலகம் போவதையே நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. தண்டம் சில்லறைக் காசுதான், திட்டாமல் கொடுத்தனுப்புங்கள்.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். போகும் முன் வாசல் பலகையில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்