மூன்றாவது தலையணையை எடுத்துவிடு, அக்கா

அன்புள்ள அக்கா,

போன வாரம் பேசும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "இப்பல்லாம் மூணு தலையணை இல்லாம படுக்க முடியல." சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் நீ பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. அப்பாவின் கட்டில்தான் கண்முன் வந்து நின்றது.

உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இரவெல்லாம் தலையணையோடு மல்லுக்கட்டிவிட்டு, காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது பயன்படட்டும்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைசி வருடத்தில் அவர் தலையணையை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனது உனக்கு நினைவிருக்கும். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று, அப்புறம் கட்டிலையே விட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் தூங்க ஆரம்பித்தார். வயதாகிவிட்டது, முதுகு வலிக்கிறது போல என்று நாம் நினைத்துக்கொண்டோம். அவரும் அப்படித்தான் சொன்னார். கடைசியில் அழைத்துக்கொண்டு போனபோது, மருத்துவர் கேட்ட முதல் சில கேள்விகளிலேயே இது வந்துவிட்டது: "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்?"

நான் அதைப் பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இதய மருத்துவர்கள் காலங்காலமாகக் கேட்டு, எண்ணிக்கையோடு குறித்துவைக்கிற விஷயம் அது என்று பிறகுதான் புரிந்தது. நின்றும் உட்கார்ந்தும் இருக்கும்வரை கால்களில் தங்கியிருக்கும் ரத்தமும் நீரும், நாம் படுத்ததும் மார்புப் பக்கம் திரும்பி வரும். பலவீனமான இதயத்தால் அதைத் தள்ளி அனுப்ப முடியாது. நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டும். தலையை உயர்த்திப் படுத்தால் கொஞ்சம் ஆறும். அப்பா தேடியது அந்த ஆறுதலைத்தான். ஒரு வருடம் முழுக்க அவர் தலைமாட்டில் நோயின் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. உறை மாற்றிப் போட்ட நமக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

அதனால் முதலில் இதற்குப் பதில் சொல். உன் மூன்று தலையணை எதற்காக? தட்டையாகப் படுத்தால் மூச்சு வாங்குகிறதா? தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாயா? மாலையில் கணுக்கால் வீங்குகிறதா? சில நாட்களிலேயே எடை திடீரென்று கூடியதா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் கடிதத்தை இங்கேயே மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பார். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உன் தொல்லை நெஞ்செரிச்சல்தான் என்று தோன்றுகிறது. படுத்ததும் தொண்டைவரை புளிப்பாக ஏறுகிறது, காலையில் கழுத்து பிடித்துக்கொள்கிறது, வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை என்றாய். மூன்றையும் தனித்தனித் தொல்லையாகச் சொன்னாய். எனக்கென்னவோ முதல் இரண்டுக்கும் அந்தத் தலையணை அடுக்குக்கும் தொடர்பு இருக்கும் என்றே படுகிறது.

இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே வரும். நிற்கும்போது புவியீர்ப்பு அதைக் கீழே வைத்திருக்கும், படுத்தால் அந்த உதவி போய்விடும். அதனால் உயர்த்திப் படுப்பது சரிதான். ஆனால் தலையணையை அடுக்கும்போது உயர்வது தலையும் கழுத்தும் மட்டும். மார்பு கீழேயே கிடக்கும், உடம்பு நடுவில் மடியும், வயிறு அழுந்தும். அழுந்திய வயிறு அமிலத்தை இன்னும் மேலேதான் தள்ளும். கழுத்தோ இரவு முழுக்க முன்பக்கமாக வளைந்தே இருக்கும். எரிச்சலுக்கென்று நீ செய்துகொண்ட வைத்தியம் எரிச்சலையும் தீர்க்காமல் கழுத்தையும் கெடுக்கிறது.

உயர வேண்டியது இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு முழுவதும். இதற்கு நல்ல வழி, கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 6 முதல் 8 அங்குல உயரத்துக்கு உறுதியான மரக்கட்டை வைப்பது. கட்டை நழுவாதபடி நடுவில் சின்னப் பள்ளம் இருக்கட்டும். கட்டிலைத் தொட முடியாது என்றால், ஆப்பு வடிவத்தில் சரிவாக வரும் பஞ்சுத் தலையணை ஒன்று வாங்கிக்கொள். அதன் மெல்லிய முனை உன் இடுப்புக்கு அருகில் தொடங்க வேண்டும். தோளில் தொடங்கினால் மறுபடியும் பழைய கதைதான். சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடுவது இதோடு சேர்ந்தே வேலை செய்யும்.

அடுத்தது, இடது பக்கம் ஒருக்களித்துப் படு. இரைப்பையின் பெரும்பகுதி உடம்பின் இடது பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் படுத்தால் அமிலம் தேங்கும் இடம் கீழேயும், உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலேயும் அமையும். வலப்பக்கம் படுத்தால் இது தலைகீழாகிவிடும், அமிலம் நேராக அந்த வாயில் வந்து நிற்கும். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம். உனக்கு வலிப்பது வலது தோள் என்பதால் எப்படியும் அந்தப் பக்கம் படுக்கக்கூடாது. இடப்பக்கம் உன் இரண்டு தொல்லைக்கும் பொருந்துகிறது.

ஆனால் இடப்பக்கம் படுத்தால் மேலே இருக்கும் வலது கை என்ன ஆகும்? முன்பக்கம் சரிந்து தொங்கும். அந்தக் கையின் எடையை இரவெல்லாம் தாங்குவது ஏற்கெனவே நொந்துபோன தோள்மூட்டுதான். பாதி இரவில் தோள் வலித்து எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். மார்போடு அணைத்துக்கொள்ளும்படி ஒரு தலையணை வைத்து, வலது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அதன்மேல் கிடத்து. உன் மூன்றாவது தலையணைக்கு இதுதான் வேலை. நடுவில் மல்லாந்து திரும்பிவிட்டால், மேல்கைக்கு அடியில், தோளிலிருந்து முழங்கைவரை, மடித்த துண்டு ஒன்று இருக்கட்டும். இல்லையென்றால் முழங்கை பின்னால் சரிந்து தோளின் முன்பக்கத்தை இழுக்கும். இறுகிய தோள் குணமாக மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும். தலையணை அதைக் குணப்படுத்தாது. ஆனால் தூங்கவிடும். தூங்காத உடம்பு வலியைப் பொறுக்காது என்பது உனக்கே தெரியும்.

கழுத்துக்கு வருவோம். நான் அதிகம் தடுமாறிய இடம் இது. நம் தலை கிட்டத்தட்ட 5 கிலோ எடை. கழுத்தில் இருக்கும் ஏழு எலும்புகளும் நேராக அடுக்கியவை அல்ல, முன்பக்கம் லேசாக வளைந்த ஒரு வில் போல இருக்கும். படுக்கும்போதும் அந்த வளைவு அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தலையணையின் வேலை. அதனால் "நல்ல உயரம்" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. ஒருக்களித்துப் படுத்தால் காதுக்கும் தோளின் விளிம்புக்கும் நடுவே உள்ள தூரத்தை அது நிரப்ப வேண்டும். மல்லாந்து படுத்தால் அதைவிட மெல்லியதே போதும். அகலத் தோள் உள்ள அத்தானுக்குச் சரியான தலையணை உனக்கு ஒத்துவராது. மெத்தை மெத்தென்று இருந்தால் தோள் உள்ளே அமிழ்ந்துவிடும், அப்போது இன்னும் மெல்லியதாக வேண்டும்.

அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. நீ ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது அத்தானை முன்னால் இருந்து ஒரு படமும் பின்னால் இருந்து ஒரு படமும் எடுக்கச் சொல். முன்படத்தில் மூக்கும் மார்பெலும்பின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பின்படத்தில் கழுத்தும் முதுகெலும்பும் ஒரே கோடாக ஓட வேண்டும். தலை மெத்தைப் பக்கம் தொங்கினால் ஒரு துண்டை மடித்துத் தலையணைக்கு அடியில் சேர். மேல்நோக்கித் தூக்கியிருந்தால் குறை. கழுத்துக்கடியில் குழிவு தெரிந்தால், இன்னொரு சின்னத் துண்டைச் சுருட்டித் தலையணை உறைக்குள், கழுத்து வரும் விளிம்பில் செருகு. இலவம்பஞ்சா, செயற்கை நாரா, அழுத்தினால் மெல்ல எழும் நுரைப்பஞ்சா என்பதெல்லாம் அவரவர் விருப்பம். எனக்குப் பொருளைவிட உயரம்தான் முக்கியம். ஆனால் நடுவில் மடித்துக் கையை எடுத்ததும் திரும்ப விரியாத நார்த் தலையணையை வைத்துக்கொண்டு பயனில்லை. அது உன் தலையைத் தாங்கவில்லை என்று அர்த்தம்.

முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள் என்று முன்பு ஒருமுறை நான் சொன்னபோது சிரித்தாய். ஒருக்களித்துப் படுக்கும்போது மேல்கால் முன்பக்கம் சரிந்து மெத்தையைத் தொடும். அதோடு இடுப்பும் திரும்பும், கீழ்முதுகு ஒரு முறுக்கில் மாட்டிக்கொள்ளும். தொடைகளுக்கு நடுவே தலையணை இருந்தால் இடுப்பெலும்பு நேராக நிற்கும். முழங்காலில் மட்டும் வைத்தால் கணுக்கால் தொங்கும், அதனால் கணுக்கால்வரை வருகிற நீளத் தலையணையாக இருக்கட்டும். மல்லாந்து படுத்தால் அதே தலையணையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள், கீழ்முதுகின் இறுக்கம் தளரும். குப்புறப் படுப்பதை மட்டும் விட்டுவிடு. மூச்சு விடுவதற்காகக் கழுத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பியே வைத்திருக்க வேண்டும், அந்தக் கழுத்து காலையில் எப்படி நேராகும்?

ஆனால் உன் மாமியார் விஷயத்தில் இதை அப்படியே செய்துவிடாதே. முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கு முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக்கூடாது. அவர் கேட்பார், வைத்தால் சுகமாக இருக்கும், மடங்கிய கால் வலிக்காது. ஆனால் மடங்கிய நிலையிலேயே கிடந்தால் அப்படியே இறுகி, பிறகு காலை முழுதாக நீட்ட வராமல் போய்விடும். உயர்த்த வேண்டும் என்றால் கணுக்காலுக்கு அடியில் வைத்து, முழங்கால் நேராகக் கிடக்கட்டும். இதைப் பாசத்தோடு ஆனால் கண்டிப்பாகச் சொல். அவரைப் பார்க்கும் இயன்முறை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அத்தானின் குறட்டைக்கு வருகிறேன். மல்லாந்து படுத்தால் நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையைக் குறுக்கும். பலருக்கு ஒருக்களித்துப் படுத்தாலே சத்தம் குறைந்துவிடும். திரும்பாமல் இருக்க முதுகுப் பக்கம் ஒரு திண்டு வைக்கலாம், சட்டையின் முதுகில் பந்து தைத்துக்கொள்வதும் பழைய வழி. ஆனால் குறட்டை நடுவில் நின்று, கொஞ்ச நேரம் மூச்சே இல்லாமல், பிறகு திணறிக்கொண்டு மூச்சு வருகிறதா என்று ஒருநாள் விழித்திருந்து கவனி. பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறாரா என்றும் பார். இருந்தால் அது தலையணையால் தீருகிற காரியமில்லை, தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். மூக்கில் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப் பாதையைத் திறந்துவைக்கும் கருவி இருக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் உருவாக்கி, 1981இல் அதைப் பற்றி எழுதினார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது. அத்தான் பயந்துகொண்டு தள்ளிப்போட வேண்டாம்.

உன் மகளுக்கு இப்போது ஏழாவது மாதம். 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்தே படுக்கச் சொல். மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை உடம்பின் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும், குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். இடதா வலதா என்று கவலைப்பட வேண்டாம், இரண்டும் சரியே. நடுவில் விழித்து மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், மறுபடி திரும்பிப் படுத்தால் போதும். வயிற்றுக்கு அடியில் மெல்லிய தலையணை ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குழந்தை பிறந்த பிறகு அதற்கு ஒரு வயது ஆகும்வரை படுக்கையில் தலையணையே வேண்டாம். சமதளத்தில், மல்லாத்தி, தனியாகப் படுக்க வைக்க வேண்டும். நமக்கு ஒருக்களித்து, அதற்கு மல்லாத்தி என்று அவளுக்குக் குழப்பம் வரலாம். ஒருமுறை உட்கார்ந்து விளக்கிச் சொல்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றாதே. எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். முதலில் கட்டிலை உயர்த்து, ஒரு வாரம் பார். அப்புறம் கழுத்துக்குத் துண்டு. நான் மணிக்கட்டை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கும் பழக்கத்தை விடவே சில வாரம் பிடித்தது. இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் உதறி உதறி எழுவேன். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிக்கொண்டு படுத்த பிறகுதான் குறைந்தது. தூக்கத்தில் உடம்பு பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். எழும்போது திருத்திக்கொண்டால் மெல்லப் படியும்.

கட்டைகளை வைக்கும்போது தனியாகக் கட்டிலைத் தூக்காதே, அந்தத் தோளோடு. அத்தான் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம் பிடிக்கட்டும். அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை: ஒரு தலையணையோடு பத்து நிமிடம் படுத்துப் பார்த்துவிட்டு, உன்னைப் படுத்தியது எரிச்சலா மூச்சா என்று மட்டும் எனக்கு எழுது. இரவு எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
உன் தங்கை