எந்தக் கொடிக்கு என்ன ஒப்பந்தம்?

ஆசிரியருக்கு,

கல்லூரிச் சேர்க்கை விளம்பரங்கள் உங்கள் நாளிதழில் வரத் தொடங்கிவிட்டன. 'வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் ஒப்பந்தம்' என்ற வரி இல்லாத விளம்பரமே இல்லை என்று சொல்லிவிடலாம். அதை நம்பி மகளுக்கு இடம் பார்க்க அலைந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் நாங்கள் போன ஒரு தனியார் கல்லூரியில் வரவேற்பறைச் சுவர் முழுக்கப் பல நாட்டுக் கொடிகள், அவற்றின் கீழே கைகுலுக்கும் படங்கள். "மூணாவது வருஷம் பிள்ளைங்க வெளிநாட்டுல போய்ப் படிக்கலாம் சார்" என்றார் சேர்க்கைப் பிரிவு ஊழியர். அங்கே கட்டணம் யார் கட்டுவது, அங்கே படித்த பாடம் இங்கே கணக்கில் சேருமா, பட்டம் யார் பெயரில் வரும் என்று கேட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "எம்.ஓ.யூ. இருக்கு சார்."

எம்.ஓ.யூ. என்கிற புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் சில பக்கத் தாள்தான். சேர்ந்து செயல்பட இருவருக்கும் விருப்பம் என்று அதில் இருக்கும். பெண் பார்த்துவிட்டு வந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் தட்டு மாற்றவில்லை. மாணவரை அனுப்ப வேண்டுமென்றால் தனியாக மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும். வழக்கமாக அதில் ஒரு பருவத்துக்கோ ஒரு வருடத்துக்கோ இத்தனை பேர் என்ற கணக்கு இருக்கும். மாணவர் சொந்தக் கல்லூரிக்கு மட்டும் கட்டணம் கட்டுவார், அங்கே விலக்கு. விமானச் செலவும் தங்கும் செலவும் நம் தலையில்தான்.

பட்டம் என்று வந்துவிட்டால் யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த விதிமுறைகளைப் பார்க்க வேண்டும். நம்மூர்ப் பேச்சில் 'ட்வின்னிங்' என்றால் பாதிப் படிப்பு இங்கே, மீதி அங்கே, கடைசியில் வெளிநாட்டுப் பட்டம். விதியில் அப்படி இல்லை. வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட், அதாவது படித்த பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளி, மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பட்டம் தருவதும் இந்தியக் கல்வி நிறுவனம் மட்டும்தான். கூட்டுப் பட்டத்தில் இரு தரப்பிலும் குறைந்தது 30 சதவீதம் படிக்க வேண்டும்; இரண்டு சின்னங்களோடு ஒரே சான்றிதழ். இரட்டைப் பட்டத்தில் இரு பல்கலைக்கழகங்களும் தனித்தனியாகப் பட்டம் தரும். பெயரை மட்டும் வாடகைக்கு எடுத்து நடத்தும் ஃபிரான்சைஸ் முறைக்கு இதில் இடமே இல்லை. மூன்று வகைக்கும் விளம்பரத்தில் என்னவோ 'சர்வதேசப் பட்டம்' என்று ஒரே பெயர்!

ஒப்பந்தமே வீண் என்று நான் சொல்லவில்லை. 1959-இல் மேற்கு ஜெர்மனியோடு போட்ட ஒப்பந்தத்தின் பலன்தான் கிண்டியில் இருக்கும் ஐஐடி. ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கே வந்து பாடம் நடத்தினார்கள். ஆய்வகத்துக்கும் பட்டறைக்கும் இயந்திரங்கள் வந்தன, நம் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயிற்சி பெற்றார்கள். அதே ஐஐடி 2023-இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. அதற்கு முன் இரு தரப்புக் கல்வி அமைச்சகங்களும் கையெழுத்திட்டன. யார் எதைத் தருவது என்று தாளில் இருந்ததால் நடந்த காரியங்கள் இவை.

கொடி மாட்டியிருக்கும் கல்லூரிகள் ஒவ்வொரு கொடிக்கும் நேராக ஒப்பந்தத்தின் வகை, அது முடியும் தேதி, போன வருடம் போய்வந்த மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றை விளம்பரத்திலேயே போடட்டும். விளம்பரம் வாங்கும்போது நீங்களும் இதைக் கேட்கலாம். இடம் போதவில்லை என்பார்கள். தாளாளர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் தாராளமாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவி ஒருவரின் தந்தை,
திருச்சி