திடப்படுத்தலுக்குப் பின் என்ன? போதகர்மாருக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நெல்லை, தூத்துக்குடி வட்டாரச் சபைகளின் போதகர்மாருக்கும், மூப்பர்களுக்கும், சேகர கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு சேகரத்திலும் விசுவாசிகள் மூன்று நான்கு பேராக வாரம் ஒருமுறை கூடி, தங்கள் இருதயம் எப்படி இருக்கிறது என்பதை மனம்விட்டுப் பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க ஓர் ஏற்பாடு செய்து தாருங்கள். தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டு, சபையின் முழு அங்கத்தினராகத் திடப்படுத்தல் எடுத்த பிள்ளைகளிடமும், கமிட்டியில் இருக்கிற பெரியவர்களிடமும் அதை முதலில் தொடங்குங்கள். ஏன் கேட்கிறேன் என்பதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

திடப்படுத்தல் ஆராதனை நம் ஊர்களில் எவ்வளவு பெரிய நாள் என்று உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைகள் வெள்ளைச் சேலையில், பையன்கள் புதுச் சட்டையில் வரிசையாக முழங்காலில் நிற்பார்கள். பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். பின்வரிசையில் அம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்கு முன் வகுப்பு நடக்கும். பத்துக் கற்பனையும் விசுவாசப் பிரமாணமும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். எல்லாம் நல்லதுதான். அப்புறம்? அந்தப் பிள்ளைக்கு அப்போது வயது பதினைந்து, பதினாறு. கையில் சொந்தமாக ஒரு போன் வருகிற வயது. இரண்டு மூன்று வருடத்தில் கோவைக்கோ சென்னைக்கோ ஹாஸ்டலுக்குப் போய்விடும். அதன் பிறகு சபை அந்தப் பிள்ளையின் பெயரை உச்சரிப்பது அநேகமாக இரண்டு நேரத்தில்தான்: சங்கக் காணிக்கை ரசீது போடும்போது, கல்யாண அறிவிப்பாகிய ஓலையை ஆலயத்தில் வாசிக்கும்போது. நடுவில் இருக்கிற பத்து வருடம் இருதயத்தில் எவ்வளவு பெரிய போராட்டம் நடக்கிற காலம்! அந்தக் காலத்தில் "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது தம்பி?" என்று கேட்க ஒருவரும் இல்லை.

கன்வென்ஷன் கூட்டங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, அவற்றில் தொடப்பட்டவர்களை நானும் கண்டிருக்கிறேன். கடைசி இரவில் எழுந்து நின்று அழுகிற வாலிபனின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பந்தலைப் பிரித்துவிடுகிறோம். செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்கு யார் போகிறார்கள்? அசுத்த ஆவி விட்டுப்போன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருந்தது, அதற்குப் பிறகுதான் ஏழு ஆவிகள் வந்தன என்று லூக்கா 11-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். பெருக்குகிற வேலையை நாம் நன்றாகவே செய்கிறோம். குடியிருக்க ஆள் வைக்கிற வேலை அப்படியே கிடக்கிறது.

சென்னையில் ஷிப்ட் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் ஒருவன் ஒருநாள் என்னிடம் பேசினான். சபையின் ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டியில் எப்போதும் முதலில் வந்தவன். "அண்ணே, ஆசைப்பட்டு போனை எடுக்கலை. சும்மாதான் எடுத்தேன்" என்றான். வேலை முடிந்து ராத்திரி அறைக்கு வருவான். பார்சல் சாப்பாடு. கூட இருக்கிறவனுக்கு வேறு ஷிப்ட். காலையில் அம்மா அனுப்பின வசனத்தை ஸ்டேட்டஸில் வைத்தவன்தான். அதே போனில் ஒன்றைத் தள்ளி ஒன்றைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் பார்க்கக் கூடாததில் வந்து நிற்பான். விடிந்ததும் வெட்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகக் கூச்சம். பிறகு போவதையே விட்டுவிட்டான்.

அவன் சொன்ன அந்தச் "சும்மா" என் மனதை விட்டுப் போகவில்லை. நம் பிரசங்கங்களில் இச்சையைப் பற்றி இடிமுழக்கமாகப் பேசுகிறோம். ஆனால் இச்சை வந்து நுழைகிற நேரம் எது என்று பேசுவதில்லை. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனைப் பாவத்துக்கு இழுக்கும் எட்டு விதமான நினைவுகளை எழுதிவைத்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, கோபம், வீண்புகழ், பெருமை என்று நாம் எதிர்பார்க்கிறவை எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு துக்கத்தையும், ஒருவித மனச்சோர்வையும் சேர்த்திருக்கிறார். மத்தியான வேளையில் துறவிக்குப் பொழுது நகரவே நகராதாம். ஜன்னலை ஜன்னலைப் பார்ப்பானாம். சூரியன் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பானாம். இருக்கிற இடமும் செய்கிற வேலையும் வெறுத்துப்போகுமாம். போன் இல்லாத காலத்திலேயே அந்தச் "சும்மா"வின் ஆபத்தை அந்த மனிதர் அடையாளம் கண்டுவிட்டார்.

தாவீதின் கதையும் இதுதானே. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் தன் படைத்தலைவன் யோவாபை அனுப்பிவிட்டு அவன் எருசலேமில் தங்கிவிட்டான். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாத்தினான். பிறன் மனைவியான பத்சேபாளைப் பார்ப்பதற்கு முன்பே அவனுடைய இருதயம் காவலில்லாமல் இருந்தது. கோலியாத்தை விழத்தட்டினவன், இத்தனை சங்கீதங்களைப் பாடினவன், வேலையில்லாத ஒரு சாயங்காலத்தில் விழுந்தான். அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். அவன் தானாக மனந்திரும்பவில்லை. பிள்ளை பிறக்கும்வரை மூடி மறைத்துக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்திருந்தான். நாத்தான் தீர்க்கதரிசி எழுந்து அரண்மனைக்குள் போய் "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதினிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்" என்ற நீதிமொழிகள் 4:23-ஐ நம் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்தக் காவலை ஒவ்வொருவரும் தனியாக நின்று பார்க்க வேண்டும் என்பது போலவே சொல்லிக்கொடுத்துவிட்டோம். எபிரெயர் 3:13 வேறு விதமாகச் சொல்கிறது: "உங்களில் ஒருவனாகிலும் பாவத்தின் வஞ்சனையினாலே கடினப்பட்டுப்போகாதபடிக்கு" நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்கிறது. பாவம் வஞ்சிக்கிறது. வஞ்சிக்கப்படுகிறவனுக்குத் தான் வஞ்சிக்கப்படுவது தெரியாது. அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியும். அதனால்தான் "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபும் எழுதினார். ஞாயிறுதோறும் பாவ அறிக்கை ஜெபத்தைச் சபையாக ஒருமித்துச் சொல்கிறோம், உண்மை. அந்தக் கூட்டுக் குரலுக்குள் என்னுடைய குறிப்பான பாவத்தை ஒளித்துக்கொள்ளவும் முடியும் என்பதும் உண்மை.

இது எங்கிருந்தோ கொண்டுவந்த புதுப் பழக்கமாக உங்களுக்குத் தோன்றலாம். நம் சொந்த வீட்டுச் சொத்துதான் இது. 1738-இல், இங்கிலாந்தில் மெதடிஸ்ட் எழுப்புதலை நடத்தின போதகர் ஜான் வெஸ்லி சிறு குழுக்களுக்காக எழுதின விதிகளில், கூடும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன? என்னென்ன சோதனை வந்தது? அதிலிருந்து எப்படி விடுவிக்கப்பட்டாய்? ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாகக் கூடினார்கள். 1742-இல் பிரிஸ்டல் நகரத்தில் வேறொன்று நடந்தது. கூட்டம் நடக்கும் கட்டடத்துக்குக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வசூலிக்கலாம், கொடுக்க முடியாத ஏழைக்கு அவரே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் அங்கே காசைவிட முக்கியமான ஒன்றைக் கண்டார்கள். இன்னின்னார் நடக்கவேண்டியபடி நடக்கவில்லை என்ற செய்தி வந்தது. உடனே வெஸ்லி அந்த வசூல்காரர்களையே ஆத்தும விசாரிப்புக்காரர்களாக மாற்றினார். அதிலிருந்துதான் மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டங்கள் வளர்ந்தன. நாமும் வீடு வீடாகக் காணிக்கைக்குப் போகிறவர்கள்தான். ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் என்ன?

வெஸ்லியன் மிஷனெரிகள் 1814-இல் இலங்கைக்கு வந்தார்கள்; 1817-இல் அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் சென்னைக்கு வந்தார். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன் சபையோடும் தென்னிந்திய ஐக்கிய சபையோடும் மெதடிஸ்டுகளும் வந்து சேர்ந்தார்கள். பேராயர் ஆளுகையும் வழிபாட்டு முறையும் நமக்குக் கிடைத்தது போல, இந்த வாராந்தர ஆத்தும விசாரிப்பும் நமக்குக் கிடைத்த பங்குதான். அதை நாம் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

ஏன் ஒருவரும் மனம்விட்டுப் பேசுவதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு சகோதரி தன் வீட்டுப் போராட்டத்தை ஜெபக் கூட்டத்தில் நம்பிச் சொன்னார். அடுத்த வாரத்துக்குள் அது தெரு முழுக்கப் போய்விட்டது. "ஜெபித்துக்கொள்ளுங்கள், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றே ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் சொன்னார்கள். வேறொரு சபையில், ஒரு வாலிபன் அந்தரங்கமாகச் சொன்னது பெயர் இல்லாமல் பிரசங்க உதாரணமாக வந்தது. பெயர் எதற்கு? ஊருக்கே தெரியும். அவன் அந்த ஆலயப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை பேசுவதும் இருதயத்திலிருந்து புறப்படும் பாவம்தான். ஆகவே போதகர்மாரே, குழுவில் சொன்னது குழுவை விட்டு வெளியே போகக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். பிரசங்க பீடத்துக்கும் அது பொருந்தும் என்று சபை முன்னால் நீங்களே வாக்குக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது, ஓர் உயிருக்கு ஆபத்து என்று தெரியவந்தால் மட்டும் மௌனம் கூடாது. அதையும் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

மூப்பர்களே, கமிட்டி அங்கத்தினர்களே, உங்களிடமிருந்து தொடங்கச் சொன்னதற்குக் காரணம் மரியாதைக் குறைவு அல்ல. பாவம் என்றாலே நாம் வாலிபர்களைப் பார்க்கிறோம். சினிமா, குடி, போன் என்று விரல் மடக்குகிறோம். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கொடுத்த பட்டியலில் விபசாரத்தோடும் களவோடும் கபடும், பொறாமையாகிய வன்கண்ணும், பெருமையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சேகரத் தேர்தல் முடிந்து வருடங்கள் ஆகியும் ஒருவரையொருவர் ஏறெடுத்துப் பார்க்காமல் ஒரே பந்தியில் திருவிருந்து எடுக்கிற பெரியவர்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அணி பிரிகிறபோது சாதியும் சேர்ந்து பிரிக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு மூப்பர்கள் ஒரே குழுவில் உட்கார்ந்து, "உன்மேல் எனக்குக் கசப்பு இருக்கிறது, எனக்காக ஜெபி" என்று சொன்னால், அந்தச் சேகரத்து வாலிபர்களுக்கு வேறு பிரசங்கமே தேவைப்படாது.

பாவத்தைப் பேசிக்கொண்டே இருந்தால் மட்டும் வளர்ச்சி வராது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். "உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்றுதான் 119-ஆம் சங்கீதக்காரன் பாடுகிறான். நம் பிள்ளைகள் பன்னிரண்டு வயது வரை எத்தனை வசனங்களை உள்ளே வைக்கிறார்கள்! பெரியவர்களான பிறகு அந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது. குழுவாகச் சேர்ந்து மாதம் ஒரு சங்கீதத்தை மனப்பாடம் பண்ணலாம். வீட்டில் ராத்திரிக் குடும்ப ஜெபம் நடந்ததா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். நோயாளி வீட்டுக்குச் சேர்ந்து போகலாம். அந்த வெறும் "சும்மா" நேரத்துக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் திருவிருந்துக்கு ஆயத்த ஆராதனை நடத்தும் வழக்கம் எந்தெந்த ஊரில் மங்கிவிட்டதோ, அங்கே திரும்ப எழுப்புங்கள். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று பவுல் எழுதினதைச் செய்வதற்கு, ஞாயிறு காலையில் அவசரமாகச் சேலை மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டு ஓடிவருகிற நேரம் போதாது.

வெளியூருக்குப் போன பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. போன்தான் அவர்களை விழத்தட்டுகிறது என்றால், அதே போனில் வாரம் ஒருநாள் ராத்திரி அரைமணி நேரம் மூன்று பேர் பேசிக்கொள்ளவும் முடியும். நான் சொன்ன தம்பி இப்போது அப்படித்தான் இரண்டு நண்பர்களோடு பேசுகிறான். விழுகிறானா? சில நாள் விழுகிறான். அன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடுகிறான், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் போகிறான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வரவுசெலவுக்கும் அசன விருந்துக்கும் முன்னால் இந்தப் பொருளை எடுத்துப் பேசுங்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்குவதற்குள் ஒவ்வொரு சேகரத்திலும் குறைந்தது இரண்டு குழுக்கள், ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று இந்த வருடம் திடப்படுத்தல் எடுத்த பிள்ளைகளுக்கு, கூடத் தொடங்கட்டும். பிள்ளைகளுக்கான குழுக்களில் மூத்த சகோதரிகள் பெண் பிள்ளைகளோடும், மூத்த சகோதரர்கள் பையன்களோடும், கதவு திறந்திருக்கும் இடத்தில், பெற்றோருக்குத் தெரிந்தபடி உட்காரட்டும். எந்த ஊர்க் குழுவுக்கு ஆள் குறைந்தாலும் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்