ஒற்றை டிக்

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு பாப்பாவுக்கு,

முறுக்கு டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்பலாம் என்று சொன்னது அம்மாதான். வாட்ஸ்அப்பில் எழுதினால் உனக்குப் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது, காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை என்கிறாள். முறுக்கு உடைந்திருந்தால் பார்சல்காரர்களைத் திட்டாதே. டப்பாவை அமுக்கி மூடியது நான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் இந்திய நம்பர் இருக்கும் அந்தப் பழைய போன். ராத்திரி 9 மணிக்கு நான் அனுப்புவது, காலையில் காப்பி குடிக்கும்போது பார்த்தால்தான் இரண்டு டிக் ஆகியிருக்கிறது. சில நாள் அப்போதும் ஒன்றுதான். ஜெர்மனி நம்பர் ஆபீஸுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டாய். சரி, அதில் நான் தொந்தரவு செய்வதில்லை.

நீ 2016-ல் முதல் சம்பளத்தில் வாங்கிய போன் அது. எனக்குத்தான் முதலில் கொண்டுவந்து காட்டினாய். அந்தக் காலத்து ஆண்ட்ராய்டில் ஒரு குணம் உண்டு. திரை அணைந்து கால் மணி நேரம் யாரும் தொடாவிட்டால், வைஃபையை அதுவே விட்டுவிடும். சிம் கார்டில் நெட் இருந்தால் அதற்குத் தாவிக்கொள்ளும். உன் போனில் நெட் ஏது? அப்படியே குருடாகக் கிடக்கும். செட்டிங்கில் வைஃபைக்குள் போய், மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, அட்வான்ஸ்டு என்பதில் பார். தூங்கும்போதும் வைஃபை இருக்கட்டுமா என்று கேட்டு மூன்று பதில் கொடுத்திருப்பான்: எப்போதும், சார்ஜில் இருக்கும்போது மட்டும், ஒருபோதும் வேண்டாம். 'எப்போதும்' என்று வை.

பேட்டரி போய்விடும் என்று யோசிக்காதே. நான் படித்துப் பார்த்தேன். வைஃபை விழித்திருக்கிறது என்றால் கொட்டக் கொட்ட முழித்திருக்கிறது என்று அர்த்தமில்லை. ரூட்டர் வினாடிக்குப் பத்துத் தடவை போல ஒரு அடையாளக் குரல் கொடுக்கிறது. போன் அதற்கு மட்டும் கண்ணைத் திறந்து, தனக்கு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறது. அதுவரை ரூட்டர் தபாலைக் கையில் வைத்திருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நைட் டியூட்டியில் நாங்கள் தூங்கியதும் இப்படித்தான். நாற்காலியில் சாய்ந்திருப்போம், அலாரம் மணி அடித்தால் எழுந்துவிடுவோம். எங்கள் யாருக்கும் பேட்டரி தீர்ந்து போகவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பேட்டரி ரூமுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது? வரிசையாக நிற்கும் அந்தக் கண்ணாடி ஜாடிகளைப் பார்த்து ஊறுகாயா என்று கேட்டாய். அந்த 48 வோல்ட்தான் ஊரில் கரண்ட் போனாலும் அத்தனை வீட்டுப் போனையும் உயிரோடு வைத்திருந்தது. மணி அடிக்க வேண்டுமென்றால் 75 வோல்ட் அனுப்புவோம். புயலடித்தாலும் கம்பி அறுந்தால்தான் உண்டு, மற்றபடி அடிக்கும். இப்போது ஃபைபர் வந்துவிட்டது, வீட்டில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால் ரூட்டருக்கென்று 12 வோல்ட்டில் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். உனக்காகத்தான்.

பெரியத்தை வந்து போனாள். மூட்டு வலி தேவலை. ஆற்றில் தண்ணீர் நிறைய வருகிறது. அப்புறம், அந்த செட்டிங். உன்னால் முடியாவிட்டால் ராத்திரியும் பகலும் சார்ஜரிலேயே போட்டு வை, அப்படியும் வைஃபை நிற்கும். எட்டு மணி நேரம் ஆபீஸில் அடுத்தவன் கம்ப்யூட்டரைச் சரி பண்ணுகிற பெண்ணுக்கு அப்பாவின் ஒற்றை டிக்கைச் சரி பண்ண நேரமில்லையா? இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தெருவில் யாரைப் பார்த்தாலும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன், அம்மாவிடம் கேட்டுப் பார்.

பேட்டரி ஆப்டிமைசேஷன் என்று இன்னொன்றும் இருக்கிறது. 2015-ல் ஆறாம் ஆண்ட்ராய்டோடு வந்தது. சார்ஜர் இல்லாமல், திரை அணைந்து, போன் அசையாமல் மேஜைமேல் கிடந்தால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். அவ்வப்போது எழுந்து, சேர்ந்ததையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். ஆனால் அவசரம் என்று குறி போட்டு வருவதை அந்தத் தூக்கத்திலும் உள்ளே விடும். போன் அழைப்பு அப்படிப்பட்டதுதான். சார்ஜரில் போட்டிருந்தால் அந்தத் தூக்கமே கிடையாது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை பாப்பா.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் ராத்திரி நீ மூன்று தடவை கூப்பிட்டாய். 2 மணி 10 நிமிடம். உனக்கு அங்கே பத்து மணிகூட ஆகியிருக்காது. காலையில் நான் உன்னிடம் என்ன சொன்னேன்? போன் தூங்கியதும் வைஃபை போய்விட்டது, மணியே அடிக்கவில்லை என்றேன். நீ 'சரிப்பா' என்றாய். செட்டிங்கைப் பார்க்கிறேன் என்று வேறு சொல்லிவைத்தேன்.

போன் ஸ்டூல்மேல் சார்ஜரில்தான் இருந்தது. மணி அடித்தது. உன் படம் வந்தது, குற்றாலத்தில் எடுத்தது. நான் எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். மூன்று தடவையும் அது மரத்தில் அதிர்ந்துகொண்டே இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் நீ அம்மாவிடம் சொன்னதை அவள் எனக்குச் சொல்லிவிட்டிருந்தாள். நீ என்னிடமும் அதைச் சொல்வாய், நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். மாப்பிள்ளை பார்த்தது நான், பிடிவாதம் பிடித்ததும் நான். என்ன சொல்வேன்? முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் வீட்டு மணி அடிக்கிறதா என்று பார்த்து சம்பளம் வாங்கியவன், என் மகள் கூப்பிட்ட மணிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம்தான் இன்னொன்று கவனித்தேன். வாட்ஸ்அப்பில் எதிராளி போனுக்கு அழைப்பு போய்ச் சேரும்வரை 'காலிங்' என்று காட்டுகிறது. சேர்ந்த பிறகுதான் 'ரிங்கிங்' என்று மாறுகிறது. அன்றைக்கு உன் திரையில் ரிங்கிங் என்றுதான் வந்திருக்கும். மூன்று தடவையும். அதைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் சரிப்பா என்று சொல்லியிருக்கிறாய்.

அதனால் உன் போனில் வைஃபை தூங்குகிறது என்றே நான் வைத்துக்கொள்கிறேன். அந்த அட்வான்ஸ்டில் போய்ப் பார். 'எப்போதும்' என்று ஏற்கெனவே இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

என் போன் சத்தம் முழுசாக வைத்திருக்கிறேன். ஸ்டூலை என் கட்டில் பக்கமே இழுத்துப் போட்டாயிற்று. எத்தனை மணியானாலும் எடுப்பேன். நீ பேசு, நான் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

கீழே இருக்கும் சின்ன டப்பாவில் நாரத்தங்காய் ஊறுகாய். காய் நம் மரத்துடையது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன், கத்தியால் கீறும்போது விரலைப் பார்த்துக்கொள்.

அப்பா