வெள்ளையடித்த வீடும் விழுந்த கூரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடொன்றின் கூரை பெயர்ந்து விழுந்தது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, ‘வீட்டுக்காரர்கள் அவ்வப்போது வெள்ளையடித்துப் பராமரித்திருந்தால் இது நேர்ந்திருக்காது’ என்று முடிந்திருந்தது. பாம்பனில் 1986இல் கட்டிய வீட்டில் இன்றுவரை குடியிருக்கும் எனக்கு அந்த வரி செரிக்கவில்லை.

ஒரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பு தவறியதில்லை. அப்படியிருந்தும் சென்ற ஐப்பசியில், நான் மாவை வழித்தெடுத்துக்கொண்டு திரும்பிய சற்று நேரத்தில், அடுப்பங்கரைக் கூரையிலிருந்து தாம்பாள அகலத்துக்கு ஒரு துண்டு கிரைண்டர் மீது விழுந்தது. அண்ணாந்து பார்த்தபோது கம்பிகள் கருவாட்டு முள்போல வரிவரியாகத் தெரிந்தன. தொட்டால் துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. விழுந்த துண்டில் சுண்ணாம்பு மட்டும் பளிச்சென்று இருந்தது.

உப்புக் காற்றில் வரும் குளோரைடு, அதாவது உப்பின் கூறு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியை எட்டிவிட்டால், துரு பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டையே வெளியே தள்ளிவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் வீட்டிலோ உப்பு காற்றில் வரும்வரை காத்திருக்கவில்லை. லாரித் தண்ணீருக்குச் செலவாகும் என்று, கலவைக்கும் தளம் நனைப்பதற்கும் கிணற்று நீரையே ஊற்றினார் மேஸ்திரி. அந்த நீரில் சோறு வடித்தால் தனியே உப்புப் போட வேண்டியதில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்று கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது. கடற்கரை போன்ற கடுமையான சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். விழுந்த துண்டின் கனத்தைப் பேரனின் அளவுகோலால் அளந்தேன். 12 மில்லிமீட்டர் இருந்தது.

முறையிட்டபின் பார்வையிட வந்த அதிகாரி, வாசற்படியில் நின்றபடியே, “சுவரெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வந்த கொத்தனார் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டார். அடுத்த மழைக்கு அந்தப் பூச்சும் கீழே வந்தது. இதையெல்லாம் எழுதித் தங்களுக்கு அனுப்பிய முந்தைய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் துருவுக்கு மட்டும் அரைப்பக்கம் கிடைத்தது. அதில் எனக்குப் பொறாமை இல்லை. 1914இல் திறந்த பாலம் அது. 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டார்கள். ஒழுங்காக வெள்ளையடித்திருக்கலாமே என்று அந்தப் பாலத்தைப் பார்த்து எவரும் எழுதியதாக நினைவில்லை.

துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கேட்டு இக்கடிதத்தை எழுதவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு சிறு அறிவிப்பு வெளியிட்டால் போதும்: கூரையில் கம்பி ஓடும் வழியே பழுப்புக் கோடோ விரிசலோ தெரிந்தாலும், கழியால் தட்டும்போது ஓர் இடம் மட்டும் பொள்ளலாக ஒலித்தாலும், அதன் கீழே கட்டிலோ தொட்டிலோ போட வேண்டாம், தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம்வரை கொத்தியெடுத்து, துருவை நீக்கிய பிறகே பூச வேண்டும். கூடவே அந்தக் கடைசி வரியையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். ராசிபலனுக்குக் கீழே நான்கு வரிக்கு இடம் இருப்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாம்பன்.