எல்லைச் சோதனைச்சாவடிக் காவலர்களுக்கு, ஒரு கவாத்துக்காரனின் மடல்

வணக்கம் ஐயா.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம். மாங்காய் அறுவடை முடிந்ததும் நாங்கள் நாலு பேர் கவாத்து வேலைக்கு, அதாவது மரத்தில் கிளை கழிக்கிற வேலைக்குக் கிளம்பிவிடுவோம், முதலில் உள்ளூர்த் தோப்புகள், அப்புறம் ஆந்திராவில் குப்பம், அதற்கும் அப்பால் கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வரைக்கும். கூடவே சாக்கில் கட்டிய கொடுவாள், கைக்கோடாரி, ரம்பம்.

போன மாதம் விடியற்காலையில் ஒரு சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரி, அது உங்கள் வேலை. சாக்கைப் பிரித்து எல்லாவற்றையும் தார்ச்சாலையில் வரிசையாகப் பரப்பி, பக்கத்தில் எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். என் கொடுவாளின் வாயோரம் கறுப்பாக இருந்ததைப் பார்த்து, "இது என்னப்பா, ரத்தமா?" என்று ஒருவர் கேட்டார். பச்சை மாங்கிளையை வெட்டினால் இரும்பில் அந்தக் கறை ஏறும், துடைத்தாலும் போகாது. சொன்னேன். நம்பவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து எங்களை விட்டார்கள், ஆனால் இரண்டு கொடுவாளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சீட்டு எதுவும் தரவில்லை. அன்றைக்குக் கூலி போனது மட்டுமில்லை, எங்களை நம்பி ஆள் வைக்காமல் இருந்த தோப்புக்காரரிடமும் பேர் கெட்டது.

1959 ஆயுதச் சட்டத்தில், ஆயுதம் என்றால் என்ன என்று சொல்கிற இடத்திலேயே, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்த பொருள் அதில் சேராது என்று இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று ஆயுத விதிகளில் கத்திக்கு வரும் அளவும் விவசாயக் கருவிக்குப் பொருந்தாது. கவாத்துக் கொடுவாளைக் கையில் வாங்கிப் பார்த்தாலே தெரியும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கனமான இரும்பு, கிளையை இழுத்துப் பிடிக்க மூக்கு மாதிரி வளைந்த நுனி.

ரவுடிகளும் இதே கொடுவாளைத்தான் தூக்குகிறார்கள், உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கர்நாடக எல்லை தாண்டினால் இதற்குப் பேர் மச்சு. இளநீர் வெட்டுகிறவர் கையில் இருப்பதும் மச்சுதான், கொலை வழக்கில் பிடிபடுவதும் மச்சுதான். அதனால்தான் ஆளையும் வேலையையும் விசாரியுங்கள் என்கிறேன். தோப்புக்காரர் நம்பர் எங்களிடம் இருக்கிறது, ஒரு போன் போட்டால் போதும். 2021-ல் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு, கத்தி அரிவாள் அடிக்கும் பட்டறைகளில் வாங்குகிறவர் பேர், விலாசம் எழுதிவைக்கச் சொன்னார். அப்படி எழுதுகிற பட்டறை ஒரு சீட்டும் கொடுக்கட்டும், அதைச் சாவடியில் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் பங்குக்கு, வாய்ப்பக்கம் சாக்குச் சுற்றி, வண்டியின் அடியில் கட்டித்தான் கொண்டுவருவோம், இடுப்பில் சொருகிக்கொண்டு வரமாட்டோம். அப்படியும் சந்தேகம் என்று எடுத்துவைத்தால், எதை எடுத்தீர்கள் என்று கையெழுத்துப் போட்ட ஒரு தாளாவது கொடுங்கள்.

எடுத்துப்போன இரண்டில், பிடியில் சிவப்பு சைக்கிள் ட்யூப் சுற்றியது என் அப்பாவுடையது. கடைசி மூன்று விரல் பதிகிற இடத்தில் கட்டை தேய்ந்து பள்ளமாக இருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வந்து வாங்கிக்கொள்ள எந்தக் கிழமை வரட்டும் என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா.